சூம்பின கையை நீட்டச் செய்த பணி: ஒரு வரலாற்றுப் பார்வை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மேற்கே செல்வோர், கோமுகி அணையைத் தாண்டியதும் கல்வராயன் மலையின் அடிவாரத்தை அடைகின்றனர். கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாகிய இம்மலையில் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் சாமை, தினை, வரகு ஆகியவற்றைப் பயிரிட்டும், கடுக்காய், புளி முதலியவற்றைச் சேகரித்தும் வாழ்ந்து வந்துள்ளனர். ஆயினும் அவர்களது கைகளின் உழைப்பு நெடுங்காலம் அவர்களுக்கு உரியதாய் இருக்கவில்லை. மலை மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது; 1976-இல்தான் அவ்வாளுகை முற்றிலும் முடிவுற்றது.

இம்மலையின் பெயர் நம் அருட்பணி வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படுவதன்று. எனினும், செயலிழந்த மனிதக் கையை மீண்டும் இயங்கச் செய்யும் மருத்துவத்தின் வரலாற்றைத் திருச்சபையின் கண்கொண்டு ஆராய்வோர், வேலூர் மருத்துவமனையின் அறுவைக்கூடத்திலிருந்து தொடங்குவதைக் காட்டிலும் இம்மலைகளிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும். அவ்வாறு தொடங்கினால், கையைக் குணமாக்குதல் என்பதன் பொருள் நாம் வழக்கமாக எண்ணுவதினும் விரிவானது என்பது புலனாகும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மலைகளில் நிகழ்ந்த தொடக்கம்

கள்ளக்குறிச்சியை உள்ளடக்கிய தென்னாற்காட்டுச் சமவெளியில் டேனிஷ் மிஷனெரி சங்கத்தார் ஊழியம் செய்தனர். அதன் கனியே ஆற்காடு லுத்தரன் திருச்சபை. சேலத்தை அடுத்த மலைகளில் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்டு மிஷனைச் சார்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் அவருடைய மனைவி எவலினும் ஊழியம் செய்தனர். 1913-இல் மணம் புரிந்த இவர்கள் கொல்லிமலையில் குடியேறி, நற்செய்தி அறிவித்ததோடு காய்ச்சலுக்கும் நரம்புச் சிலந்திக்கும் மருந்திட்டனர். தச்சு வேலையையும் கற்பித்தனர். 1929-இல் ஜெஸ்ஸி மலைக் காய்ச்சலின் கொடிய வகையொன்றால் மரித்தார். கைம்பெண்ணான எவலின் அம்மையார் பணியை விட்டுவிடவில்லை.

ஏறத்தாழ எழுபது வயதை நெருங்கியபோது மிஷன் அவருக்கு ஓய்வளித்தது. அவரோ, மிஷனின் பணியிலிருந்துதான் ஓய்வு, மலைகளிலிருந்து அன்று எனக் கொண்டு, தம் சொந்தப் பொறுப்பில் கல்வராயன் மலைக்கு ஏறினார். குதிரை மீதேறி ஊர் ஊராகச் சென்றார். கால் தளர்ந்தபின் மூங்கில் கோல்களை ஊன்றி நடந்தார். 1974 டிசம்பரில், 95-ஆம் வயதில், வேலூரில் காலமானார். அவரது உடல் கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்கருகே அடக்கம் செய்யப்பட்டது.

இவர்களுடைய மகனே, 1914-இல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட். அவருடைய சிறுவயது நினைவு ஒன்று நம் கருத்துக்குரியது. கைகளும் கால்களும் சிதைந்த அந்நியர் மூவர் ஒருநாள் வீட்டிற்கு வந்தனர். பிணியாளருக்கு வெறுங்கையால் மருந்திட்டு வந்த தந்தை, அன்று கையுறை அணிந்து அவர்களின் புண்களைக் கழுவிக் கட்டினார். அவர்கள் சென்றபின், அவர்கள் இருந்த இடத்திற்குப் பிள்ளைகள் செல்லலாகாது என்று பெற்றோர் தடுத்தனர். அன்புள்ளம் கொண்ட அருட்பணியாளர் இல்லத்திலேயே தொழுநோயைக் குறித்த அச்சம் அத்துணை ஆழமாய் வேரூன்றியிருந்தது. அன்று தந்தை காயத்திற்குக் கட்டுப் போட்டார். கையை மீட்கலாம் என்று எண்ணுவதற்கு அக்காலத்தில் எவருக்கும் வழி தெரியவில்லை.

2. கேட்கப்படாத வினா

பால் பிராண்ட் இலண்டனில் முதலில் கட்டட வேலையும் தச்சு வேலையும் பயின்றார். பின்னரே மருத்துவம் கற்று அறுவை வல்லுநரானார். 1946-இல் டாக்டர் ராபர்ட் காக்ரேனின் அழைப்பையேற்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு செங்கற்பட்டிலுள்ள தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, மடங்கி நகம்போல் வளைந்திருந்த நோயாளி ஒருவரின் கைக்குள் தம் கையைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். செயலற்றதெனக் கருதப்பட்ட அக்கை அவர் கையை வலிக்குமளவு இறுகப் பற்றிக்கொண்டது. அக்கையில் வலிமை இருந்தது. அதனை ஆளும் முறையே கெட்டிருந்தது.

கைகள் ஏன் இவ்வாறு ஆகின்றன என்று அவர் வினவியபோது, எலும்பும் தசையும் அறிந்த வல்லுநர் எவரும் அதுவரை இதனை முறையாக ஆராயவில்லை என்பது தெரியவந்தது. அது தோல் மருத்துவர்களின் துறை என ஒதுக்கப்பட்டிருந்தது. தொழுநோயாளியின் சதை தானே அழுகும். அறுத்தால் ஆறாது என்பது பொதுக்கருத்து. மருத்துவமனைகள் பலவும் அவர்களை உள்ளே சேர்ப்பதில்லை.

ஆராய்ச்சி காட்டிய உண்மை வேறு. இந்நோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடுவது. ஆதலால் தோலுக்கு அருகே செல்லும் நரம்புகளைத் தாக்குகிறது. முழங்கையின் உட்புறத்தில் எலும்பையொட்டிச் செல்லும் நரம்பு கெடும்போது, உள்ளங்கையிலுள்ள சிறு தசைகள் செயலிழக்கின்றன. மணிக்கட்டருகே நடுநரம்பும் கெட்டால் கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிர்வர இயலாது போகிறது. முன்கையின் மேற்பகுதியிலுள்ள பெருந்தசைகளோ பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். பெருந்தசைகள் இழுக்க, அவற்றைச் சமன்செய்யும் சிறுதசைகள் இல்லாமையால், விரல்கள் அடிக்கணுவில் பின்னுக்கு வளைந்தும் மற்ற கணுக்களில் மடங்கியும் நின்றுவிடுகின்றன.

விரல்கள் குறுகிப்போவதும் அழுகலால் நேர்வதன்று. நரம்பு கெட்டதால் நோவு தெரிவதில்லை. கொதிக்கும் பாத்திரத்தைப் பிடிப்பர். பிளந்த தோலோடு மண்வெட்டி பிடிப்பர். புண் புரையோடி எலும்பை அரிக்கும். இரவில் தூங்கும்போது எலி கடித்தும் சிலர் அறியாதிருந்தனர் என்று வேலூரில் கண்டறிந்தனர். அதன்பின் பூனைகள் வளர்க்கப்பட்டன. நோவு என்பது தண்டனை என்றே நாம் போதித்து வந்தோம்; அது காவலாகவும் அளிக்கப்பட்ட ஈவு என்பதை நோவற்றவர்களின் கைகள் நமக்குக் கற்பித்தன எனலாம்.

3. அறுவையும் மறுபயிற்சியும்

1948 முதல் வேலூரில் கை அறுவைகள் தொடங்கின. நரம்பைப் புதுப்பிக்க இயலாது. ஆனால் நல்ல தசையொன்றின் வேலையை மாற்றலாம். தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு போன்ற தசைநாண் ஒன்றை அதன் இடத்திலிருந்து எடுத்து, நான்காகப் பிளந்து, உள்ளங்கை வழியாகச் செலுத்தி, நான்கு விரல்களிலும் இணைத்துத் தைப்பர். முதலில் விரலை மடக்கும் தசைநாண்களையும், பின்னர் மணிக்கட்டை உயர்த்தும் தசைநாண் ஒன்றையும் இவ்வாறு பயன்படுத்தினர். இம்முறை முற்றிலும் புதியதன்று. போர்க்காயங்களுக்கும் இளம்பிள்ளை வாதத்திற்கும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் செய்யப்பட்டதே. அதனை விலக்கப்பட்டோரின் கைகளுக்கும் உரியதாக்கியதே வேலூரின் சிறப்பு. 1952-இல் பால் பிராண்ட் இலண்டன் அறுவை மருத்துவர் கல்லூரியில் இதனைக் குறித்து விரிவுரை நிகழ்த்தினார்.

அறுவைக்குச் செல்லும் நேரம் சில மணிகளே. அதன்பின் ஏறத்தாழ மூன்று வாரம் கை மாவுக்கட்டில் இருக்கும். கட்டைப் பிரித்தபின்னரே மெய்யான வேலை தொடங்குகிறது. நேற்றுவரை மணிக்கட்டை உயர்த்திய தசை இன்று விரலை நீட்டவேண்டும். நோயாளி மணிக்கட்டை உயர்த்த முயல்கிறார், விரல் அசைகிறது. இப்புதிய இணைப்பை மூளை பழகவேண்டும். தொடுவுணர்வு இல்லாமையால், கை என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தே அறியவேண்டும். மெழுகு ஒத்தடம், எண்ணெய் தேய்த்தல், ஒவ்வொரு விரலாக அசைத்தல், பின் சிறு பொருள்களைப் பற்றுதல் என்று நாள்தோறும் பயிற்சி நடக்கும். இப்பயிற்சியை நோயாளிக்குப் பதிலாக வேறெவரும் செய்துவிட முடியாது. அவர் கைவிட்டால் மிகத் திறமையான அறுவையும் வீணாகும்.

தொழுநோயன்றி, கரும்பு ஆலையிலும் கதிரடிக்கும் பொறியிலும் கை நசுங்குவோர்க்கும் இக்கருத்து பெரிதும் பொருந்தும். தைத்த தசைநாண் அசையாதிருந்தால் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோகும். அளவறிந்து, காலமறிந்து அசைப்பதே மீட்பின் வழி.

இப்பணியில் டாக்டர் மேரி வர்கீஸின் பெயர் மறக்கத்தக்கதன்று. 1954 ஜனவரியில் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து அவருடைய கால்கள் செயலிழந்தன. கை அறுவையை அமர்ந்தபடியே செய்யலாம் எனப் பால் பிராண்ட் அவரை ஊக்குவித்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்து அவர் தொழுநோயாளரின் கைகளை நிமிர்த்தினார். பின்னர் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை தாங்கினார். நடக்க இயலாதவர் கையை நிமிர்த்தினார் என்பது, குணமாக்குவோர் குணமாக்கப்படுவோர் என நாம் வகுக்கும் பிரிவினையைக் கேள்விக்குள்ளாக்குகிறது.

4. பிச்சைக்கு உதவாத கைகள்

ஆரம்ப நாட்களில் குணமடைந்து வெளியேறிய சிலர் மனங்கசந்து திரும்பி வந்தனர். வளைந்த கைகளைக் கண்டு இரங்கிப் பிச்சையிட்டோர், நிமிர்ந்த கைகளுக்கு இடவில்லை. தழும்பைக் கண்டோர் வேலையும் தரவில்லை. குடியிருக்க இடமும் தரவில்லை. குணமாக்கியதால் அவர்களுடைய பிழைப்பு கெட்டது! அறுவைக்கூடத்தில் கிடைத்த வெற்றி தெருவில் தோல்வியுற்றது.

இதற்கு விடையாகவே 1951-இல் வேலூரில் நவஜீவ நிலையம் தொடங்கப்பட்டது. மண் குடிசைகள் கொண்ட சிற்றூர் போன்ற அவ்விடத்தில் நோயாளிகள் தச்சு வேலையும் மர பொம்மை செய்தலும் பயின்றனர். இளமையில் தாம் கற்ற தச்சுத்தொழிலைப் பால் பிராண்ட் அங்கே பயன்படுத்தினார். உணர்வற்ற கைக்கேற்பக் கருவிகளின் பிடிகள் மாற்றியமைக்கப்பட்டன. நாள் முடிவில் ஒவ்வொருவரும் தம் கைகளைக் காயம் தேடிப் பார்ப்பது ஒழுங்காயிற்று. 1955-இல் கரிகிரியில் ஷெஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. கள்ளக்குறிச்சிப் பகுதியிலோ வடதொரசலூரில் தொழுநோய்ப் பணிக்கான மருத்துவமனை அமைந்து, அப்பகுதி மக்களுக்குத் தொண்டாற்றலாயிற்று.

5. திருச்சபைக்குரிய வினாக்கள்

மாற்கு 3-ஆம் அதிகாரத்தில் சூம்பின கையுடையவனை ஆண்டவர் முதலில் சபையின் நடுவே எழுந்து நிற்கச் சொல்கிறார். அதன்பின்னரே கையை நீட்டச் சொல்கிறார். நாம் நொடிப்பொழுதில் நிகழ்ந்த அற்புதத்தையே பெரிதும் பிரசங்கிக்கிறோம். நடுவே நிறுத்தப்பட்டதையும், நீட்டும் செயல் அவனுடையதாய் விடப்பட்டதையும் கடந்துவிடுகிறோம். நாம் கண்ட வரலாறு இவ்விரண்டையும் நமக்கு நினைவூட்டுகிறது. மருத்துவர் நாணைத் தைக்கலாம், நீட்டவேண்டியவர் கைக்குரியவரே. அவர் நீட்டும்போது அக்கையைப் பற்ற ஊரும் சபையும் ஆயத்தமாயிருக்கவேண்டும்.

நாம் ஆயத்தமாயிருந்தோமா? லேவியராகமம் 13, 14 அதிகாரங்களில் வரும் எபிரெயச் சொல் வஸ்திரத்திற்கும் வீட்டுச் சுவருக்கும் கூட வழங்கப்படுகிறது. அது இன்றைய தொழுநோயை மட்டும் குறிப்பதன்று. இதனை இறையியற் கல்லூரிகளில் கற்ற பின்னரும், பாவத்திற்கு உவமையாகத் தொழுநோயாளியின் உடலைப் பிரசங்கபீடத்தில் எடுத்தாளும் வழக்கம் நம்மிடையே ஒழியவில்லை. பின்வரிசையில் அமர்ந்திருக்கும் நிமிர்ந்த கைகளுக்குரியவர் அதனைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

சட்டத்தின் வரலாறும் நம்மை நாணச் செய்கிறது. 1982 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி கூட்டு மருந்துகளால் தொழுநோய் முற்றிலும் குணமாகிறது. அதற்குப் பின் 19 ஆண்டுகள் கழித்து, 2001-இல், கிறிஸ்தவர்களுக்குரிய 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம் திருத்தப்பட்டபோது, தீராத தொழுநோய் மணமுறிவுக்குரிய காரணங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. 2019-இல்தான் பாராளுமன்றம் அதனை நீக்கியது. தீரும் நோயைத் தீராததென்று நம் திருமணச் சட்டம் சொல்லிக்கொண்டிருந்த அப்பதினெட்டு ஆண்டுகளில், அதற்கெதிராகப் போதகர்களாகிய நாம் எழுப்பிய குரல் எவ்வளவு என்பதை ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ளல் தகும்.

கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் ஊழியத்திற்குச் செல்லும் மாணவர்க்கு ஒன்று கூறி முடிப்போம். உணர்விழந்த தேமலையும் வலுவிழந்த விரலையும் தொடக்கத்திலேயே கண்டு, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பினால், அறுவை தேவைப்படாமலே கையைக் காக்கலாம். வீடு வீடாகச் செல்லும் போதகருக்கு இது இயலாததன்று. கையில் காயமுற்று மருத்துவமனையிலிருந்து திரும்பியவரைக் கண்டால், ஜெபித்துவிட்டு வந்துவிடாமல், பயிற்சி செய்கிறாரா என்று கேட்டு, சிறிது நேரம் உடனிருந்து செய்விப்போமாக. அவர் மீண்டும் வேலைக்குச் செல்லும் நாள் வரையில் நம் ஊழியமும் முடிவடைவதில்லை.