ஒரு மாத ஜெயிலும் ஒரு கொத்தனாரின் ஜாமீனும்

மதிய இடைவேளையில் பழைய தீர்ப்புகளைப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அப்படி மாட்டியதுதான் 1978ன் மோதிராம் வழக்கு.

மோதிராம் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார். உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தாச்சு. ஆனா மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்கிறார். உடன்பிறந்தவர் முன்வந்தால், சொத்து வேற மாவட்டத்துல இருக்குன்னு தள்ளிவிடுகிறார். விஷயம் மறுபடி நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யரிடம் வந்தது. ஒரு தமிழரோ மலையாளியோ பஸ்தரில் கைதானால் என்ன செய்வார் என்று கேட்டு, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். (அவர் ஆங்கிலத்துக்கு அகராதி பக்கத்தில் இருக்கணும், அது தனிக்கதை.)

இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது?

அன்று சென்னை மாகாணத்தில் இருந்த தலச்சேரியில் அவர் வக்கீல். விவசாயிகள், தொழிலாளர்கள் வழக்குகளை நடத்தியவர். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று 1948ல் ஒரு மாதம் உள்ளே வைத்தார்கள். 1952ல் சென்னை சட்டசபை உறுப்பினர். 1957ல் கேரளாவில் இ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்டம், உள்துறையோடு சிறைத்துறையும் அவரிடம்தான். கைதியாக இருந்தவர் 9 வருஷத்தில் சிறை மந்திரி!

1973ல் உச்ச நீதிமன்றத்துக்கு அவர் வந்தபோது பம்பாய் வக்கீல்கள் சிலர் எதிர்த்தார்கள். கட்சி அரசியல்வாதி எப்படி நடுநிலையா இருப்பார்? நியாயமான கேள்விதான். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

ஆனா 1975 ஜூன் 24ஐப் பாருங்க. 1959ல் அவர் இருந்த அமைச்சரவை கலைக்கப்பட்டபோது காங்கிரஸ் தலைவர் இந்திரா காந்தி. அதே இந்திராவின் தேர்தல் மேல்முறையீட்டு மனு, விடுமுறைக்கால நீதிபதியான இவர் முன்னால். பழி தீர்க்க இதைவிடத் தோதான நாள் கிடைக்காது. இவரோ நிபந்தனையுடன் தடை கொடுத்தார்: பிரதமராக நீடிக்கலாம், சபைக்குப் போகலாம், எம்.பி.யாக ஓட்டுப் போட முடியாது. மறுநாள் ராத்திரி அவசரநிலை.

ஆக, கட்சி அவர் தீர்ப்பை எழுதிக் கொடுத்ததுன்னு சொல்ல முடியாது. பழைய வாழ்க்கையின் தடம் சிறை வழக்குகளில்தான் பளிச்சென்று தெரியுது. 1978ல் சுனில் பத்ரா வழக்கில், தூக்குத் தண்டனை பெற்றவர் என்பதற்காகவே ஒருவரைத் தனிமையில் அடைக்கக் கூடாது என்றார். 1980ல், வழக்கமாகக் கைவிலங்கு பூட்டுவதற்கு எதிராகத் தீர்ப்பு எழுதினார். அதே பத்ரா, சக கைதி ஒருவர் சித்திரவதை செய்யப்பட்டதைப் பற்றி உள்ளேயிருந்து ஒரு கடிதம் அனுப்பினார். வக்கீல் இல்லை, பிரமாணப் பத்திரம் இல்லை. நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது. தீர்ப்பை எழுதியது கிருஷ்ணய்யர்.