முள்ளந்தண்டு முறிந்தவரும் அவர் குடும்பமும்

எகிப்து நாட்டின் லக்சோர் நகரிலே, 1862ஆம் ஆண்டில், எட்வின் ஸ்மித் என்னும் அமெரிக்கர் பழைய பப்பைரஸ் சுருளொன்றை விலைக்கு வாங்கினார். 1930ஆம் ஆண்டில் பிறெஸ்ரட் என்னும் பேரறிஞர் அதனை மொழிபெயர்த்து வெளியிட்டபோதே, காயங்களைப் பற்றிய மிகப் பழைய வைத்திய நூல்களுள் அது ஒன்றென்பது உலகுக்கு நன்கு புலனாயிற்று. கிறிஸ்துவுக்கு முன் 1600ஆம் ஆண்டளவில் படியெடுக்கப்பட்ட அந்நூலிலே 48 நோயாளரின் நிலைமைகள் விரிக்கப்பட்டுள்ளன. அவருள் ஒருவன் கழுத்தென்பு விலகியவன். அவன் தன் கைகளையும் கால்களையும் உணரான். சிறுநீர் அவன் அறியாமலே சொட்டும். இவ்வாறு அடையாளங்களைப் பிழையறக் குறித்த வைத்தியன், இது சிகிச்சை செய்யத்தக்க நோயன்று என்று முடிவு கூறிவிட்டான். அவனைக் கல்நெஞ்சன் என்று கொள்ளுதல் தகாது. தன்னால் இயலாததை இயலாதென்று சொன்ன நேர்மை அவனுடையது. ஆயினும், அந்தத் தீர்ப்பு மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகள் பெரிதும் மாறாமல் நின்றது என்பதே துயரம்.

முள்ளந்தண்டின் நடுவே ஓடும் முண்ணாண், மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்தி கொண்டுசெல்லும் நரம்புக் கற்றையாகும். அது நசுங்கினால், நசுங்கிய இடத்துக்குக் கீழே அசைவும் உணர்வும் அற்றுப்போகின்றன. தென்னையிலிருந்தும் பனையிலிருந்தும் வீழ்ந்து முதுகு முறிந்தவர்களைக் கண்ட இலங்கை நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் அத்தகையோர் முன்னாளில் இறந்தமைக்குக் காரணம் முறிவு மட்டுமன்று. உணர்வற்ற உடல் ஒரே பக்கமாகக் கிடக்க, எலும்பு துருத்தும் இடங்களிலே தோல் அழுத்துண்டு குருதியோட்டமின்றி அழுகிப் படுக்கைப்புண் தோன்றும். நோயாளிக்கு நோவு தெரியாது. நோவு தெரியாமையால் அவர் புரளவும் மாட்டார். அப்புண்ணாலும் சிறுநீர் வழியே ஏறிய கிருமிகளாலும் உடல் நஞ்சாகிச் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில், உயிர் பிரியும். முதலாம் உலகப் போரிலே முதுகில் குண்டு பட்ட வீரருள் மிகப் பெரும்பாலோர் இவ்வாறே மாண்டனர்.

1917ஆம் ஆண்டில் ஜேர்மனியின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியொன்றில், வைத்தியசாலை ஊழியனாகத் தொண்டு செய்துகொண்டிருந்த பதினெட்டு வயது இளைஞன் லுட்விக் குட்மன், முதுகு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரைக் கண்டான். திடகாத்திரமான மனிதர் அவர். அவரைப் பற்றிய குறிப்புக்களை எழுதத் தொடங்கிய குட்மனுக்கு, சில வாரங்களில் இறந்துபோவாருக்கு அதிகம் எழுத வேண்டாம் என்று வைத்தியர் சொன்னாராம். ஐந்து வாரங்களில் அம்மனிதர் இறந்தும் போனார். இளைஞன் அதனை மறக்கவில்லை. பின்னாளிலே பெயர்பெற்ற நரம்பியல் வைத்தியரான குட்மன், யூதராகப் பிறந்தமையால் 1933இல் பதவியிழந்தார். 1939இல் மனைவியோடும் இரு குழந்தைகளோடும் இங்கிலாந்துக்கு அகதியாகச் சென்றார். 1944ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி, ஸ்ரோக் மண்டெவில் வைத்தியசாலையிலே முள்ளந்தண்டுக் காயமுற்ற வீரர்களுக்கென்று திறக்கப்பட்ட பகுதி அவர் பொறுப்பில் விடப்பட்டது.

அவர் கைக்கொண்ட முறையில் மாயம் எதுவும் இல்லை. இரவும் பகலும் இரண்டு மணித்தியாலங்களுக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தல், சிறுநீரைத் தூய்மையாக வெளியேற்றல், தசைகளைப் பயிற்றல், பின்னர் ஒரு தொழிலில் ஈடுபடுத்தல். தாதியர் தவறாது புரட்டுகின்றனரா என்று நள்ளிரவிலும் தாமே சென்று பார்ப்பாராம். 1948 ஜூலை 29ஆம் நாள், இலண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கிய அன்றே, சக்கர நாற்காலியில் அமர்ந்த பதினாறு பேரைக்கொண்டு வில்வித்தைப் போட்டி ஒன்றையும் அவர் நடத்தினார். இன்றைய பராலிம்பிக் விழாவுக்கு அதுவே வித்து. இவ்விழாவைப் பலரும் அறிவர். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிய கைகளை அறிவார் சிலரே. வைத்தியசாலையிலே தாதியர் செய்த அந்த வேலை, நோயாளி வீடு திரும்பிய பின் யார் தலையில் விழும்? மனைவியும் மக்களும் இவ்வரலாற்றினுள் நுழையும் இடம் இதுவேயாகும்.

அவ்வாறு நுழைந்த குடும்பங்கள் கணக்கிலடங்கா. பெரும்பாலானவற்றுக்கு எழுத்து வரலாறு இல்லை. எழுதப்பட்ட வரலாறு உடையவற்றுள், அமெரிக்க நடிகர் கிறிஸ்தோபர் றீவின் குடும்பம் முதன்மையானது. 1978ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படத்திலே, வானத்தில் பறக்கும் சுப்பர்மானாக நடித்து உலகப் புகழ் பெற்றவர் அவர். 1995 மே 27ஆம் நாள், வேர்ஜீனியா மாநிலத்தின் கல்பெப்பர் என்னும் ஊரிலே குதிரைப் போட்டியொன்றில் அவர் கலந்துகொண்டார். மூன்றாவது தடையைத் தாண்டாமல் குதிரை சட்டென நின்றது. கைகள் கடிவாளத்திற் சிக்க, அவர் தலைகீழாக நிலத்தில் மோதினார். கழுத்தின் முதலிரு முள்ளென்புகளும் முறிந்தன. கைகால்கள் மட்டுமா? தாமாக மூச்சுவிடும் ஆற்றலும் அகன்றது. அப்போது அவருக்கு வயது 42.

இங்கிலாந்தில் வாழ்ந்த மூத்த மக்கள் இருவர், பதினைந்து வயது மத்தியூவும் பதினொரு வயது அலெக்சாண்ட்ராவும், விரைந்து வந்தனர். மனைவி டேனாவிடம் பிறந்த இளையவன் வில்லுக்கு இன்னும் மூன்று வயது நிரம்பவில்லை. நினைவு தெளிந்து தம் நிலையை அறிந்த றீவ், தம்மைப் போகவிடுவதே நல்லதோ என்று மனைவியிடம் கேட்டார். தீர்மானம் அவருடையதே, எதுவாயினும் தாம் உடனிருப்பதாக டேனா சொன்னார். ஆயினும் அவர் இன்னும் அவரே, தாம் அவரை நேசிப்பதாகவும் சொன்னார். அவர் பின்னர் எழுதிய தன்வரலாற்று நூலின் பெயரே இச்சொல்லிலிருந்து பிறந்ததாகும். அவ்வார்த்தையில் ஆறுதல் மட்டுமன்று, ஒரு சுதந்திரமும் இருந்தமை கவனிக்கத்தக்கது. வாழ்ந்தே தீரவேண்டும் என்று மன்றாடியிருந்தால், அவர் அதனை ஒரு கடனாகவே சுமந்திருப்பார். தீர்மானத்தை அவர் கையிலேயே விட்டமையால், உடல் அசையாதவருக்கும் தம் வாழ்வின் மீது உரிமை உண்டென்பது முதல் நாட்களிலேயே நிலைநாட்டப்பட்டது.

மண்டையோட்டையும் முள்ளந்தண்டையும் மீண்டும் இணைக்கும் அரிய சத்திரசிகிச்சை வேர்ஜீனியாவில் நடைபெற்றது. அதற்கு முன்னாளில், அவருடைய பழைய நண்பரும் நகைச்சுவை நடிகருமான றொபின் வில்லியம்ஸ், ருசிய வைத்தியர் வேடமிட்டு அறைக்குள் நுழைந்து, விபத்தின் பின் முதன்முறையாக அவரைச் சிரிக்கவைத்தார் என்பர். ஜூன் இறுதியில் நியூ ஜேர்சியிலுள்ள புனர்வாழ்வு நிலையத்துக்கு அவர் கொண்டுசெல்லப்பட்டார். மகன் வில் தந்தையைக் கண்டு அஞ்சுவானோ என்று பெரியோர் கவலைப்பட்டனர். சிறுவனோ, அப்பாவால் கையை அசைக்க முடியாது, ஓட முடியாது என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, ஆனாலும் அப்பாவால் சிரிக்க முடியுமே என்று கண்டு சொன்னான். வைத்தியர்கள் எதை இழந்தார் என்று கணக்கிட்ட வேளையில், எது எஞ்சியது என்று கணக்கிட்டவன் அக்குழந்தை.

அவ்வாண்டு டிசம்பரில் வீடு திரும்பினார். வீடு என்பது இப்போது பாதி வைத்தியசாலை. தொண்டையிற் பொருத்திய குழாய் கழன்றால் சில நிமிடங்களில் மரணம்; ஆகவே எந்நேரமும் ஒருவர் அருகிருத்தல் வேண்டும். சிறுநீர்க் குழாய் அடைபடுதல் போன்ற அற்பமான தடைகூட, உணர்வற்ற உடலிலே இரத்த அழுத்தத்தைத் திடீரென ஏற்றி மூளையைத் தாக்கவல்லது. புரட்டுதல், கழுவுதல், சளி உறிஞ்சுதல், கைகால்களை மடக்கி நீட்டுதல் என நாள்முழுவதும் நீளும் பணிகளைத் தாதியரும் உதவியாளரும் முறைவைத்துச் செய்தனர். செலவோ ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு இலட்சம் டொலர். அக்காலத்து அமெரிக்கக் காப்புறுதிகள் பல, வாழ்நாள் முழுவதற்கும் பத்து இலட்சம் டொலர் அளவிலேயே கொடுப்பனவை நிறுத்திவிடும். புகழ்பெற்ற நடிகர் குடும்பத்துக்கே இந்நிலையெனின், சுரங்கத் தொழிலாளியின் மனைவி என்ன செய்வாள்? இவ்வினாவை றீவ் அரசியல் அவைகளுக்கே கொண்டு சென்றார். அவ்வரம்பைப் பத்து மடங்காக உயர்த்துமாறு அவர் வாதிட்டார். அவர் மறைந்து ஆறாண்டுகளின் பின், 2010ஆம் ஆண்டுச் சட்டமே அத்தகைய வாழ்நாள் வரம்பை அகற்றியது.

பணத்தால் தாதியரை அமர்த்தலாம். தந்தையை அமர்த்தல் இயலாது. வில்லுக்குத் துவிச்சக்கர வண்டி ஓட்டப் பழக்கவேண்டிய பருவம் வந்தது. பிற தந்தையர் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டு பின்னே ஓடுவர். இவரோ சக்கர நாற்காலியில் இருந்தபடி, கைபிடியை ஆடாது பிடிப்பதெப்படி, எக்காலால் முதலில் மிதிப்பது, கண் எங்கே நோக்கவேண்டும் என்று சொற்களாலேயே பழக்கினார். மகன் ஓட்டினான். இச்சிறு நிகழ்ச்சியை அவர் பின்னர் பெருமையோடு எழுதியமையில் வியப்பில்லை. டேனாவும் தம் நாடகத் தொழிலை அடியோடு கைவிட்டாரல்லர். நோயாளியின் மனைவி தாதி மட்டுமே ஆகிவிடின், ஒரே விபத்திலே கணவன் உடலை இழந்ததோடு மனைவியையும் இழந்தவனாவான். அக்குடும்பம் இதனை உணர்ந்திருந்தது எனலாம். 1999ஆம் ஆண்டில் அவர்களுடைய அறநிலையத்தின் வழியே டேனா தொடங்கிய உதவித்திட்டம், நாளைய சிகிச்சை ஆராய்ச்சிக்கன்றி, முடங்கியோரின் இன்றைய வாழ்வைச் சீராக்கும் முயற்சிகளுக்கே பொருளுதவி செய்தது.

இங்கே ஒரு மாறுபாட்டையும் சொல்லுதல் நேர்மை. மீண்டும் நடப்பேன் என்று றீவ் அடிக்கடி கூறியதும், 2000ஆம் ஆண்டில் அவர் எழுந்து நடப்பதாகக் காட்டிய விளம்பரமும், உடற்குறையுடையோர் பலரின் கண்டனத்துக்கு ஆளாயின. நடப்பது ஒன்றே வாழ்வு என்றால், நடவாதார் வாழ்வுக்குப் பொருள் இல்லையா என்று அவர்கள் வினவினர். அவ்வினாவை ஒதுக்குதல் இயலாது. கணவர் குணத்தையும் மனைவி வாழ்வையும் நோக்கினர் போலும். ஒரு வீட்டினுள்ளேயே இரு விடைகளும் இருந்தன.

அவர் நடக்கவில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கான பயிற்சியின் பின், 2000ஆம் ஆண்டில் இடக்கைச் சுட்டுவிரலைத் தாமே அசைத்தார். விபத்து நடந்து ஐந்து ஆண்டுகள் சென்ற பின் அத்தகைய மீட்சி நிகழும் என்று அக்கால வைத்தியர் எதிர்பார்த்ததில்லை. உடலின் பெரும்பகுதியில் தொடுகையுணர்வும் படிப்படியாகத் திரும்பிற்று. பிள்ளைகள் அணைக்கும்போது அதனை உணரலானார். 2003ஆம் ஆண்டில் பிரிமென்றகட்டை மின்துடிப்பால் இயக்கும் கருவி பொருத்தப்பட்டபோது, மூக்கு வழியே மூச்சிழுத்து, எட்டாண்டுகளாக அறியாதிருந்த கோப்பியின் மணத்தை முகர்ந்தார்.

2004 ஒக்டோபர் 9ஆம் நாள், பன்னிரண்டு வயது வில் விளையாடிய ஐஸ் ஹொக்கிப் போட்டியைப் பார்க்கத் தந்தை சென்றிருந்தார். டேனா கலிபோர்னியாவில் ஒரு நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தார். அன்றிரவு றீவின் இதயம் நின்றது. மறுநாள் உயிர் பிரிந்தது. ஆறாத படுக்கைப்புண்ணிலிருந்து பரவிய கிருமிக்கு அப்போது அவர் சிகிச்சை பெற்றுவந்தார். ஜேர்மன் சுரங்கத் தொழிலாளியை ஐந்து வாரங்களிற் கொன்ற அதே பகை, இருபத்துநான்கு மணிநேரமும் காவலிருந்த இவ்வீட்டினுள் நுழைய ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

டேனா 2006 மார்ச்சில், புகைபிடிக்கும் வழக்கமில்லாதவராயிருந்தும், நுரையீரற் புற்றுநோயால் 44 வயதில் இறந்தார். பதின்மூன்று வயது வில்லை அயலிலிருந்த நண்பர் குடும்பமொன்று தம் மகனாகவே வளர்த்தது. 2009 மார்ச் 30ஆம் நாள் அமெரிக்காவில் நிறைவேறிய, முடக்குவாத ஆராய்ச்சிக்கும் புனர்வாழ்வுக்குமான சட்டத்துக்குக் கணவன் மனைவி இருவர் பெயரும் சேர்த்தே இடப்பட்டன. வளர்ந்த பின் மூன்று பிள்ளைகளும் அந்த அறநிலையத்தின் நிர்வாகத்திற் பங்குகொண்டனர்.