மரத்தைத் துரத்திவந்த அந்துப்பூச்சி

வியன்னா, பெர்லின், லண்டன் என ஐரோப்பிய நகரங்களின் சாலைகளுக்கு நிழல் தரும் ஹார்ஸ் செஸ்ட்நட் மரம் அந்த ஊர்களுக்கு வந்தேறி. 1576இல் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து வந்த விதையை வியன்னாவில் முளைக்க வைத்தார் தாவரவியலாளர் குளூசியஸ். விதை மட்டுமே வந்ததால், இலையை அண்டிப் பிழைக்கும் பூச்சி சொந்த ஊரிலேயே தங்கிவிட்டது. நானூறு ஆண்டுகள் மரம் நிம்மதியாக இருந்தது.

1984இல் மாசிடோனியாவின் ஓஹ்ரிட் ஏரிக்கரையில் இலைகள் கருகின. காரணம், அரை சென்டிமீட்டர்கூட இல்லாத ஓர் அந்துப்பூச்சி. செம்பழுப்புச் சிறகு, அதில் வெள்ளைக் கோடுகள். 1986இல் அதற்குக் கேமரேரியா ஓரிடெல்லா என்று பெயரிட்டார்கள். 1989இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் தென்பட்டது. 2002இல் லண்டனின் விம்பிள்டனை எட்டிவிட்டது. இவ்வளவு தூரத்தையும் அது தானே பறந்து கடக்கவில்லை. காற்றும் வாகனங்களும் சுமந்து சென்றன.

பாதித்த இலையொன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எல்லாம் தெரியும். மேல்தோலும் கீழ்த்தோலும் அப்படியே இருக்கும். நடுவிலிருந்த பச்சையைப் புழு தின்று தீர்த்திருக்கும். பழுப்புத் திட்டுக்குள் புழு நெளியும், அதன் எச்சம் கறுப்பாய்ச் சிதறிக் கிடக்கும். பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு மூன்று தலைமுறை. ஆகஸ்டிலேயே மரம் காய்ந்ததுபோல் நிற்கும். மரம் சாவதில்லை, விதைகள்தான் சிறுத்துப்போகின்றன.

எங்கிருந்து வந்தது இந்தப் பூச்சி? கேமரேரியா பேரினத்தின் மற்ற இனங்கள் பெரும்பாலும் வட அமெரிக்காவில் இருப்பதால் அங்கிருந்து வந்திருக்கும் என்று சிலர் நினைத்தார்கள். விடை பழைய உலர்தாவரத் தொகுப்புகளில் இருந்தது. ஏதென்சில் வாழ்ந்த ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹெல்ட்ரைஹ், 1879இல் கிரேக்க மலைகளில் இந்த மரம் காட்டு மரமாகவே வளர்வதைக் கண்டு இலைகளைப் பறித்து அழுத்திப் பாதுகாத்தார். அந்த இலைகளுக்குள் புழுக்களும் நசுங்கிக் கிடந்தன. 2011இல் வெளியான ஆய்வு அவற்றின் டிஎன்ஏவைப் படித்து, அதே பூச்சிதான் என்று உறுதிசெய்தது. மரத்தின் பிறந்த ஊரைக் கண்டவர், பூச்சியின் பிறந்த ஊருக்கும் சாட்சியத்தைத் தம்மையறியாமலே விட்டுச்சென்றிருக்கிறார். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான்.

கூட்டுப்புழு உதிர்ந்த இலைக்குள் குளிர்காலத்தைக் கழிக்கிறது. அதனால் நகரங்களில் இலையைக் கூட்டி எரிக்கிறார்கள், அல்லது சூடேறும் உரக்குவியலில் மட்கவைக்கிறார்கள். அடுத்த வசந்தத்தில் பூச்சி குறைகிறது. பால்கன் மலையிடுக்குகளில் எஞ்சியிருக்கும் காட்டு மரங்களுக்கு அப்படிக் கூட்ட ஆளில்லை. 2019இல் வெளியான ஐரோப்பிய மரங்களின் சிவப்புப் பட்டியல், இந்த மரத்தை அழியக்கூடிய நிலையில் உள்ளவற்றோடு சேர்த்தது. சாலையோர மரம் பட்டுப்போனால் இன்னொன்றை நடலாம். காட்டில் மெலிந்த விதையிலிருந்து எழும் கன்றுகளை நினைத்துத்தான் எனக்குக் கவலை.