அலைச்சறுக்குக் கருவிகளின் பருவகாலப் பராமரிப்பு

சர்ஃப் போர்டு எனப்படும் அலைச்சறுக்குப் பலகை, அதன் அடியில் பொருத்தும் ஃபின்கள், பலகையைக் காலோடு பிணைக்கும் லீஷ் கயிறு, மேற்பரப்பில் தேய்க்கும் மெழுகு ஆகியவற்றை அலைப் பருவம் முடிந்ததும் சுத்தம் செய்து, பழுது பார்த்து, அடுத்த பருவம்வரை கெடாமல் காப்பதே பருவகாலப் பராமரிப்பு. வெப்பமண்டலக் கரைகளில் வெயிலும் ஈரமும்தான் இந்தக் கருவிகளின் முதல் எதிரிகள். பெரிய அலையில் இரண்டாக முறிந்த பலகை எல்லோர் கண்ணிலும் படும். விரல்நுனி அளவு விரிசலோடு மூலையில் சாத்தப்பட்டு, சில மாதங்களில் உள்ளேயே கெட்டுப்போகும் பலகையை யாரும் கவனிப்பதில்லை. பராமரிப்பு தேவைப்படுவது அந்த இரண்டாவது பலகைக்குத்தான்.

பருவங்கள்

இலங்கையின் கிழக்கே, பொத்துவிலை அடுத்த அறுகம்குடாவில் ஏப்ரல், மே தொடங்கி அக்டோபர்வரை அலைப் பருவம். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எழும் நீளலைகள் அம்மாதங்களில் கரை சேர்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று அங்கே தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலையின் முகம் கலையாமல் நிற்கிறது. வாடைக்காற்று தொடங்கியதும் கிழக்குக் கரை ஓய்ந்து, நவம்பர் முதல் ஏப்ரல்வரை வெலிகம, ஹிக்கடுவ பக்கம் பருவம் மாறுகிறது. சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளத்திலும் தென்மேற்குப் பருவ மாதங்களில் அலை நன்றாக அமையும். அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழையும் புயல்களும் கடலைக் குழப்பிவிடும்.

ஆகவே கிழக்குக் கரைகளில் பலகைக்கு ஓய்வு கிடைப்பது மழைக்காலத்தில். அதில் ஒரு சிக்கல் உண்டு. காற்றே ஈரமாக இருக்கும் நாட்களில் நீர் குடித்த பலகை உலராது. விரிசலை அடைக்கும் ரெசின் பிசினும் சரியாக ஒட்டாது. மழை பிடிக்கும் முன்பே, பருவத்தின் கடைசி வாரங்களில் பலகையைச் சோதித்துவிட வேண்டும்.

பலகையின் உடலும் பழுதும்

1950களின் இறுதியில் கலிஃபோர்னியாவில் ஹோபி ஆல்டரும் கார்டன் கிளார்க்கும் பாலியூரித்தேன் நுரைப் பலகைகளைப் பரவலாக்கினர். நுரையின் மேல் கண்ணாடி இழைத் துணி, அதன் மேல் பாலியெஸ்டர் ரெசின் என்ற அந்த அமைப்பு இன்றும் தொடர்கிறது. இன்னொரு வகையில் உள்ளே இருப்பது தெர்மாகோல் இனத்து நுரை. மேலே எபாக்சி ரெசின். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளாமல் பழுதில் கைவைக்கக் கூடாது.

பழுதைத் தேடும் முன் பழைய மெழுகை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். விரிசல்கள் மெழுகுக்கடியில்தான் ஒளிந்திருக்கும். பலகையைச் சில நிமிடம் மட்டும் வெயிலில் வைத்தால் மெழுகு இளகிவிடும். பிளாஸ்டிக் அட்டையால் வழித்து, எஞ்சிய பிசுக்கைத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைக்கலாம். பிறகு சோப்பு நீரால் எண்ணெய்ப் பசையை அறவே நீக்காவிட்டால் ரெசினும் பிடிக்காது, புது மெழுகும் பிடிக்காது.

அடுத்து, கட்டைவிரலால் பலகை நெடுக அழுத்திப் பார்க்க வேண்டும். ஓரிடம் மெத்தென்று அமுங்கினால் அங்கே கண்ணாடி இழை நுரையைவிட்டுப் பிரிந்துவிட்டது என்று பொருள். விரிசலைச் சுற்றிப் பழுப்பு படர்ந்திருந்தால் கடல்நீர் உள்ளே போய்விட்டது. அத்தகைய பலகையை நல்ல நீரால் கழுவி, விரிசல் கீழ்நோக்கி இருக்கும்படி நிழலில் நிறுத்த வேண்டும். சொட்டு நின்றதும் உலர்ந்துவிட்டதாக நினைப்பது தவறு; நுரைக்குள் இருக்கும் ஈரம் போகப் பல நாட்கள், சில வேளை வாரங்கள் ஆகும். ஈரத்தை உள்ளே வைத்து மூடிய பலகை கனத்துப்போவதோடு, வெயில் பட்டதும் ஒட்டிய இடத்திலேயே மறுபடி உப்பும்.

தமிழகக் கடலோரக் குப்பங்களில் ஃபைபர் படகு பழுது பார்ப்பவர்களிடம் பாலியெஸ்டர் ரெசின் எளிதில் கிடைக்கும். அவர்களின் கைத்திறன் பாலியூரித்தேன் பலகைக்கு நன்றாகவே உதவும். ஆனால் படகுக்குப் போடும் முரட்டு இழை மேட் பலகைக்குக் கனம் கூட்டும். மெல்லிய நெசவுத் துணியே ஏற்றது. தெர்மாகோல் நுரைப் பலகையில் அதே ரெசினை ஊற்றினால் ரெசினிலுள்ள ஸ்டைரீன், நுரையைக் கரைத்துக் குழியாக்கிவிடும். எபாக்சி ரெசின் இரு வகைக்கும் பொருந்தும் என்பதால், ஐயம் இருந்தால் அதையே நாடுவது நல்லது. தேய்க்கும்போது பறக்கும் இழைத்தூளுக்கு முகமூடி கட்டாயம். பாலியெஸ்டர் ரெசினில் கலக்கும் கெட்டியாக்கி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அதைத் தொடக் கூடாது.

சேமிப்பு

தகரக் கூரைக்கு நேர் கீழேயோ, மூடிய காருக்குள்ளோ பலகையை வைக்கக் கூடாது. வெப்பத்தில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மேலோட்டைப் பிரித்துவிடும். எபாக்சிப் பலகைகள் சிலவற்றில் இதற்கென்றே திருகு மூடிய காற்றுத் துளை உண்டு. கரையில் திறந்தும் கடலில் இறங்கும் முன் மூடியும் வைக்க வேண்டும். மூட மறந்தால் துளை வழியே நீர் புகும். நிழலான, காற்றோட்டமான சுவரில், துணி சுற்றிய தாங்கிகளின் மேல் படுக்கைவசமாக வைப்பது பாதுகாப்பானது. ஈரத்தோடு உறையில் போட்டு மூடுவது கூடாது. பயிற்சிப் பள்ளிகளின் மென்பலகைகளுக்கும் வெயில் ஆகாது, மேல்தோல் உரிந்துவிடும்.

ஃபின், லீஷ்

ஃபின்களைக் கழற்றி, அவை பொருந்தும் குழிகளில் சேர்ந்த மணலை நல்ல நீரால் கழுவ வேண்டும். கழற்றாமல் விட்டால் சிறு திருகுகள் உப்பேறி இறுகிவிடும். பிறகு சாவி சுற்றினால் திருகின் தலைதான் தேயும். உலர்ந்த திருகில் பொட்டளவு கிரீஸ் போதும்.

லீஷைச் சிக்கனத்துக்காகப் பழையதாகவே வைத்திருப்பது ஆபத்து. அறுந்தால் ஆளுக்கு மிதவை போய்விடும். ஆளில்லாப் பலகை அலையோடு வந்து கரையோரம் குளிப்பவர்கள் மேல் மோதும். மிகையாக இழுபடும் லீஷும் தீதே: 1971இல் ஜாக் ஓ'நீல் என்ற அலைச்சறுக்காளர், இழுபட்டுத் திரும்பிய பலகை தாக்கி இடது கண்ணை இழந்தார். கயிற்றை விரல்களுக்கிடையே ஓடவிட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கூடத் தட்டுப்படும். கீறல் இருந்தாலோ, சுழல்முனை துருவேறியிருந்தாலோ, கால்பட்டை இறுகப் பிடிக்காவிட்டாலோ மாற்றிவிட வேண்டும். நல்ல லீஷையும் ஃபின்னைச் சுற்றி இறுக்கிக் கட்டாமல் நேராகத் தொங்கவிட வேண்டும். மடிப்பு விழுந்த இடம் பலவீனமாகும்.

புதுப் பருவத்துக்கு லீஷைக் கட்டும்போது, பலகை வாலிலுள்ள சிறு கயிற்று வளையம் பலகையின் விளிம்பை எட்டாத அளவுக்குக் குட்டையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீளமாக இருந்தால், அலை இழுக்கும் வேகத்தில் அந்த மெல்லிய கயிறு விளிம்பை அறுத்துக்கொண்டு நுரைவரை போய்விடும். விளிம்பில் படவேண்டியது லீஷின் முனையிலுள்ள அகலப் பட்டைதான்.