சதையிச் சத்திரசிகிச்சையும் தைப்புக் கருவியும்: ஒரு வரலாற்று நோக்கு

தெல்தோட்டையை அடுத்த லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஆண்டு 1867 ஆகும். அதே ஆண்டில் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் 'இரண வைத்தியம்' யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. மேலைத்தேயச் சத்திரசிகிச்சை ஈழத்தில் தமிழிற் பேசத் தொடங்கிய காலம் அது. அதன் பின்னர் அக்கலை அடைந்த வளர்ச்சியின் ஒரு கூறினை இங்கு நோக்குவோம்.

தமிழகத்தார் கணையம் என வழங்கும் சதையி, இரைப்பைக்குப் பின்னே அமைந்த மென்மையான சுரப்பி. 1882இல் ஜெர்மனியரான திரெண்டலன்பேர்க் அதன் வாற்பகுதியை வெட்டி அகற்றினார். வெட்டுவதிலும் வெட்டுவாயை மூடுவதே கடினமாயிற்று. உணவைச் செரிக்கச் செய்யும் சதையிநீர் கசியின், அது அயலிலுள்ள இழையங்களையே அரித்துவிடும்.

இழையங்களை உலோக ஊசிகளால் தைக்கும் கருவியை 1908இல் புடாபெஸ்டில் ஹூமேர் ஹுல்ட்ல் இரைப்பைச் சத்திரசிகிச்சையிற் பயன்படுத்தினார். விக்ரர் பிஷர் அமைத்த அக்கருவி ஏறக்குறைய 3.5 கிலோகிராம் நிறையுடையது. பின்னர் அலடார் பெற்ஸ் இலகுவானதொன்றை ஆக்கினார். 1950களில் சோவியத் ஆய்வாளர் இத்துறையை வளர்த்தனர். 1958இல் அங்கு சென்ற அமெரிக்கரான மார்க் ராவிச் அதனைத் தம் நாட்டிற் பரப்பினார். 'ஸ்டேப்ளர்' என இன்று வழங்குவது இதன் வழிவந்ததே.

சதையியில் இக்கருவி கையாற் தைப்பதிலும் சிறந்ததா? ஐரோப்பிய மருத்துவமனைகள் பல இணைந்து நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தேடியது. வாற்பகுதி அகற்றப்பட்டோருள் நீர்க்கசிவு அல்லது மரணம், கருவியால் மூடப்பட்டோரிடம் 32 சதவீதமாகவும் கையாற் தைக்கப்பட்டோரிடம் 28 சதவீதமாகவும் காணப்பட்டது. இவ்வேறுபாடு புள்ளிவிபர அடிப்படையிற் பொருட்படுத்தத்தக்கதன்று. சுரப்பியின் மென்மையும் தடிப்பும் சிக்கலின் வேராய் இருத்தலின், கருவி மாறினும் அது தீரவில்லை எனலாம்.

இவ்வுண்மை நோயாளிக்கும் உரியது. பேராதனையில் மருத்துவபீடம் 1962இல் தோன்றியது. அங்குக் கற்பித்தல் ஆங்கிலத்திலேயே நிகழ்கிறது. தெல்தோட்டைத் தோட்டமொன்றிலிருந்து வரும் தமிழ்த் தொழிலாளி, சிகிச்சைக்கு உடன்பட்டுக் கையொப்பமிடுமுன், கசிவு யாது, புதிய கருவி எதனை உறுதி செய்யாது என்பவற்றைத் தன் மொழியில் அறிதல் வேண்டும். கிறீன் தொடங்கிய பணி இவ்விடத்தில் இன்னும் எஞ்சியுள்ளது என்பதே எமது துணிபு.