நெடுஞ்சாலை அவசர ஒப்பந்தம்

பூகம்பம், தீவிபத்து முதலியவற்றால் சேதமுற்ற பொதுச்சாலையை விரைந்து சீர்செய்யும்பொருட்டு, டெண்டருக்குரிய கால அவகாசத்தைச் சுருக்கி, முன்னரே தகுதி ஆராயப்பெற்ற ஒப்பந்தக்காரர்களிடம் வேலையை ஒப்படைக்கும் முறை. தகுதி ஆராய்ச்சியில் மூலதனம், ஜாமீன் அளிக்கும் சக்தி, இயந்திர சாதனங்கள், முன்பு முடித்த வேலைகள் ஆகியவை கவனிக்கப்படும். அவசர காலத்தில் இவற்றை ஆராய அவகாசமிராதாகையால், தயாராயுள்ள பட்டியலே இம்முறைக்கு ஆதாரமாகும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணம் இதற்குப் பிரசித்தமானது. 1994 ஜனவரி 17 நார்த்ரிட்ஜ் பூகம்பத்தில் இடிந்த சான்டா மோனிகா நெடுஞ்சாலைப் பாலங்கள், 140 நாள் கெடுவிருக்க, 66 நாளிலேயே முடிக்கப்பட்டன. 2007 ஏப்ரல் 29 அதிகாலையில் ஓக்லாந்து அருகே பெட்ரோல் லாரியொன்று கவிழ்ந்து தீப்பற்ற, அந்த வெப்பத்தில் உத்திரங்கள் இளகி, மக்ஆர்தர் மேஸ் சந்திப்பின் மேல்பாலம் கீழ்ப்பாலத்தின்மீது சரிந்தது. அப்பணியைச் சி. சி. மையர்ஸ் நிறுவனம் 8,67,075 டாலருக்கு ஏற்றது. மாகாணத்தின் மதிப்பீட்டுக்கு வெகுவாகக் குறைந்த இத்தொகை, ஊக்கத்தொகை விதியை நோக்கினாலன்றி விளங்காது: ஜூன் 27 கெடுவுக்கு முந்தும் ஒவ்வொரு நாளுக்கும் 2 லட்சம் டாலர், உச்சவரம்பு 50 லட்சம், தாமதித்தாலோ அபராதம். உத்திரங்கள் அரிசோனாவில் தயாராகி லாரிகளில் வந்து சேர, மே 24 இரவில் பாலம் திறக்கப்பட்டது. ஊக்கத்தொகை முழுமையும் நிறுவனத்துக்குக் கிடைத்தது.