அரைகுறைப் புரதம்

1929. கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் என்ற ஆய்வாளர் கோழிக்குஞ்சுகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி போட்டு வளர்த்துக்கொண்டிருந்தார். கொலஸ்ட்ராலைக் குஞ்சின் உடல் தானே தயாரித்துக்கொள்ளுமா என்பதுதான் அவர் கேள்வி. தயாரித்துக்கொண்டது. ஆனால் சில வாரங்களில் குஞ்சுகளின் தோலுக்கடியிலும் தசைகளிலும் ரத்தம் கசிந்தது. சோதனைக்கு எடுத்த ரத்தம் உறைய மறுத்தது. கொலஸ்ட்ராலைக் கொடுத்துப் பார்த்தார், வைட்டமின் சி கொடுத்துப் பார்த்தார். பலனில்லை. பன்றி ஈரலும் பச்சை இலைகளும்தான் குஞ்சுகளைக் காப்பாற்றின. அவற்றில் இருந்த பொருளுக்கு 1935-ல் வைட்டமின் கே என்று பெயர் வைத்தார். அது உடலுக்குள் என்ன செய்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த ரகசியத்தின் சாவி அமெரிக்காவில், பூசணம் பிடித்த மாட்டுத் தீவனத்தில் கிடந்தது.

1933 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை. விஸ்கான்சினில் கடும் பனிப்புயல். செத்த கிடேரி, பால்கேன் நிறைய உறையாத ரத்தம், கெட்டுப்போன ஸ்வீட் குளோவர் தீவனம், எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒரு விவசாயி சுமார் 300 கிலோமீட்டர் ஓட்டி வந்தார். தேடி வந்த கால்நடை அலுவலகம் பூட்டியிருந்தது. திறந்திருந்த கதவு பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையுடையது. உள்ளே கார்ல் லிங்க். நல்ல தீவனம் போடுங்கள் என்பதைத் தாண்டி அன்று அவரிடம் பெரிதாக ஆறுதல் இல்லை. அந்த மனிதர் வெறுங்கையோடு திரும்பியதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. 1939-ல் லிங்க்கின் குழு தீவனத்திலிருந்த நஞ்சைப் படிகமாகப் பிரித்தெடுத்தது: டைகூமரால். வைட்டமின் கேயின் வேலையை முடக்கும் பொருள். மாட்டைக் கொன்ற அந்த நஞ்சே, பின்னால் மாட்டுக்கு வேண்டுமென்றே கொடுக்கப்பட்டது!

கொடுத்தவர் ஸ்வீடனின் யோஹான் ஸ்டென்ஃப்ளோ. ரத்தம் உறையத் தேவையான புரோத்ராம்பின் என்ற புரதம் கல்லீரலில் உருவாகிறது. டைகூமரால் தின்ற மாட்டிலும் அது இருந்தது, ஆனால் வேலை செய்யவில்லை. 1974-ல் காரணம் பிடிபட்டது. நல்ல புரோத்ராம்பினில் பத்து இடங்களில் கூடுதலாக ஒரு கார்பாக்சில் தொகுதி ஒட்டியிருக்கிறது. கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் கை அதுதான். வைட்டமின் கே இல்லாவிட்டால் கல்லீரல் அந்தக் கைகளைப் பொருத்தாமலே புரதத்தை அனுப்பிவிடுகிறது. அதே அரைகுறைப் புரதம், டைகூமராலையே தொடாத மனிதர்களிடமும் தலைகாட்டியது.

1984, பாஸ்டன். கல்லீரல் புற்று உறுதியான 76 பேரைச் சோதித்த லீப்மனும் ஃப்யூரி தம்பதியும் அடங்கிய ஆய்வுக் குழு, 69 பேரின் ரத்தத்தில் அதைக் கண்டது. வைட்டமின் கே கொடுத்தும் குறையவில்லை. பற்றாக்குறை அல்ல, கட்டிதான் அதைக் கொட்டிக்கொண்டிருந்தது. இன்று லேப் ரிப்போர்ட்டில் ஏ.எஃப்.பி. என்ற இன்னொரு புற்றுக் குறியீட்டுக்குப் பக்கத்தில் சாதாரணமாக நிற்கும் 'பிவ்கா-2', அதாவது இந்த அரைகுறைப் புரதத்தின் அளவு, புற்றுக் குறியீடானது இப்படித்தான். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தைச் சாப்பிடுகிறவர்களுக்குக் கட்டியே இல்லாமலும் இந்த எண் எகிறும். வார்ஃபரின், டைகூமராலின் வாரிசு ஆயிற்றே!

கதை அங்கே முடியவில்லை. கல்லீரலை வெட்டினால் மிஞ்சிய செல்களைப் பெருகச் சொல்லும் வளர்ச்சிக் காரணி ஒன்று உண்டு. அமைப்பில் அது புரோத்ராம்பினுக்கு உறவு. அது போய் ஒட்டும் மெட் என்ற ஏற்பியில் அரைகுறைப் புரதமும் ஒட்டி, புற்றுச் செல்களைப் பெருகவைக்கிறது என்று 2005-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சோதனைக்கூடத்தில் காட்டினார்கள். கட்டி தனக்கான உரத்தைத் தானே சமைத்துக்கொள்கிறதோ?

அப்படியானால் வைட்டமின் கே கொடுத்தால்? எலும்புத் தேய்மானத்துக்காகத் தொடங்கிய ஓர் ஆய்வு, 2004-லேயே ஆசை காட்டியிருந்தது. கல்லீரல் சுருங்கிய ஜப்பானியப் பெண்களில் வைட்டமின் கே2 சாப்பிட்ட 21 பேரில் 2 பேருக்கும், சாப்பிடாத 19 பேரில் 9 பேருக்கும் புற்று வந்தது. ஆனால் சிகிச்சை முடிந்த 548 நோயாளிகளிடம் சோதித்து 2011-ல் வெளியான பெரிய ஆய்வில், புற்று திரும்புவதை அந்த வைட்டமின் தடுக்கவில்லை. பிவ்கா-2 இப்போதைக்குக் கட்டியைக் காட்டிக்கொடுப்பதோடு சரி.